பேசும் செட், தட்டும் செட்

ஜூன் 8, 1982. செவ்வாய்

அனல் காற்று. கொடியில் துணி அரை மணியில் காய்ந்துவிடுகிறது, எடுக்க மறந்தால் சுண்ணாம்புத் தூசி.

இன்னும் இருபது நாளில் குரலை இழக்கப்போகிற என் கணவரின் ஜீப்பில் எந்த ரேடியோ வைப்பது? பேசுகிற செட்டா, மோர்ஸ் தட்டுகிற செட்டா? காலையிலிருந்து யோசித்தாயிற்று. தெரியவில்லை. பௌதிகத்தில் எம்.எஸ்ஸி., இருபத்து நான்கு வருடக் கல்லூரி வேலை. தெரியவில்லை என்றே எழுதிவைக்கிறேன்.

திருச்சி டாக்டர் வெள்ளியன்று சொன்னது: குரல்வளையை முழுக்க எடுத்தாக வேண்டும். 28-ஆம் தேதி. பிறகு கழுத்தில் ஒரு துளை, மூச்சு அதன் வழியாக. பேச்சு கிடையாது. இவர் கேட்டது ஒரே கேள்வி. "வண்டி எப்ப ஓட்டலாம்?"

நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தி, போர் போட இடம் பார்த்துச் சொல்வது இவர் தொழில். அரசாங்க வேலையை விட்டுப் பத்து வருடம். வேப்பந்தட்டைப் பக்கம் மானாவாரிக்காரர்கள் இவருக்காகக் காத்திருப்பார்கள். "பேச்சு எதுக்கு? தண்ணி இருக்கா இல்லையான்னு தலையாட்டினாப் போதும்ல," என்கிறார். சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

போன மாதம் அந்தப் பக்கம் ஜீப்புக்குள்ளேயே மயங்கிக் கிடந்தார். எனக்கு மறுநாள் காலையில் பஸ் கண்டக்டர் சொல்லித்தான் தெரியும். அதனால் நிபந்தனை போட்டேன். வண்டியில் ரேடியோ இருந்தால் போகலாம், இல்லாவிட்டால் வண்டி வாசலைத் தாண்டாது. உடனே சரி என்றார். லைசென்ஸ் வாங்கி வீட்டிலிருந்தே ஊர் ஊராகப் பேசுகிற ஹாம் ரேடியோ இவருக்கு இருபது வருடப் பைத்தியம். வீட்டில் ஒரு அறை அதற்கே. நான் அந்த நாற்காலியில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

அரிசி, துவரை, மண்ணெண்ணெய். பால்காரரிடம் நாளை முதல் அரை லிட்டர் போதும் என்று சொல்ல.


ஜூன் 9. புதன்

காற்று அப்படியே. அட்மிஷன் வேலை ஆரம்பம்.

இவரும் நானும் உட்கார்ந்து எழுதியது:

1. ஜப்பான் செட். கைக்கு அடக்கம், டேஷ்போர்டுக்குக் கீழே மாட்டலாம். பேச்சு மட்டும். நேர்க்கோட்டில்தான் போகும், நடுவே மேடு வந்தால் அவ்வளவுதான். வீட்டுக்கும் இன்னொன்று வேண்டும். திருச்சி நண்பர் ஒருவரிடம் ஜோடியாக இருக்கிறது, விற்கத் தயார்.

2. பழைய மிலிட்டரி செட். பேச்சும் தட்டலும் இரண்டும் உண்டு. இருவர் தூக்க வேண்டும். பேட்டரியை ஒரு மணியில் குடித்துவிடும், பிறகு வண்டி கிளம்பாது. வேண்டாம்.

3. கபீர் பாய் செய்துதரும் செட். மோர்ஸ் மட்டும். தட்டும் கீயைத் தொடையில் பெல்ட்டால் கட்டிக்கொள்ளலாம். வீட்டு செட்டே கேட்கும். ஏரியலுக்கு எட்டடிக் கம்பி வேண்டும், ரோட்டுப் புளியமரக் கிளையெல்லாம் அடிக்கும்.

எனக்கு லைசென்ஸ் இல்லை. எதை வாங்கினாலும் கேட்கலாம், பதில் சொல்லக் கூடாது. லைசென்ஸ் பரீட்சை எழுது என்று இருபது வருடம் சொன்னார். முன்பின் தெரியாதவரிடம் மழை பெய்ததா என்று கேட்க ஒரு பரீட்சையா என்பேன்.

மூன்றாவதில் ஒன்று உறுத்துகிறது. குரல் போனாலும் இவர் பெங்களூரோடும் கல்கத்தாவோடும் தட்டிப் பேசிக்கொண்டிருப்பார். அவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. எனக்கு மட்டும்தான் ஊமை.

எழுதியபின் படித்தேன். அடிக்கவில்லை.


ஜூன் 10. வியாழன்

பெரம்பலூர். பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கபீர் பாயின் ரேடியோ ரிப்பேர்க் கடை. அவரும் லைசென்ஸ்காரர். நாற்பது வயதிருக்கும். கடையில் கழற்றிய ரேடியோக்கள், ஒன்றுகூட மூடியோடு இல்லை.

"வாங்க மேடம். சார், உக்காருங்க. தொண்டை எப்படி இருக்கு?"

"இருக்கிற வரைக்கும் இருக்கு பாய்."

"அப்படிச் சொல்லாதீங்க சார். அல்லாஹ் இருக்கான்."

இவர் ஜீப்பைச் சுற்றி வந்து கம்பி எங்கே நிற்க வேண்டும் என்று காட்டினார். பெட்ரோல் வண்டி, பிளக் பொறி விடுகிற ஒவ்வொரு முறையும் ரேடியோவில் படபடவென்று கேட்கும். அதற்கு ஒயர் மாற்ற வேண்டுமாம். இருவரும் பானெட்டுக்குள் தலையை விட்டால் நேரம் தெரிவதில்லை. ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். கடைப் பையன் கொண்டுவந்த டீ ஆறியது.

கிளம்பும்போது பாயிடம் தனியே கேட்டேன். நீங்களாக இருந்தால் எதை வாங்குவீர்கள்?

"மேடம், சாரோட முகத்தப் பாக்கறதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் சாரு தட்டுறதுதான் எனக்குப் பழக்கம். என்னையக் கேட்டா வேற என்ன சொல்லுவேன்?"

எனக்கு அது பிடிக்கவில்லை. காரணம் தெரியும், எழுத வேண்டாம்.


ஜூன் 13. ஞாயிறு

சோதனை நாள். மேகமில்லை. வீட்டுக்குள்ளேயே கால் சுடுகிறது.

திருச்சி நண்பர் ஜப்பான் செட் ஜோடியை இன்று மட்டும் கொடுத்திருக்கிறார். பாயின் செட்டும் சோதனைக்கு மட்டும் தயார், அட்டைப்பெட்டிக்குள் வைத்த மாதிரி ஒயர்கள் தொங்கத் தொங்க. ஜீப்பில் இவரும் பாயும். வீட்டில் நான், காதில் ஹெட்போன், கையில் பென்சில். முதன்முறையாக அந்த நாற்காலி. இவர் உட்கார்ந்து உட்கார்ந்து ஒரு பக்கம் பள்ளமாகிவிட்டது.

பேச்சு: ஊர் எல்லை வரை தெளிவு. குன்னம், கரகரப்பு, ஆனால் புரிகிறது. "குன்னத்துல இருக்கோம். ஒரு ஏட்டு கம்பியப் பாத்துட்டு சல்யூட் அடிச்சாரு வசந்தி. திருப்பி அடிச்சுட்டேன்." பெரம்பலூருக்கு முன் பாதிச் சொற்கள். அப்புறம் வெறும் இரைச்சல். குரலே கம்மியிருக்கிறது, அதில் இரைச்சல் வேறு.

தட்டல்: பெரம்பலூரிலிருந்து தொடக்கம். நிமிடத்துக்கு ஒருமுறை வி என்ற எழுத்து, மூன்று குறுக்கல், ஒரு நீட்டல். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அது வந்தால் நலம் என்று அர்த்தம். வேப்பந்தட்டை வரை ஒன்றுகூடத் தவறவில்லை. 11.20 முதல் 11.50 வரை மிகத் தெளிவு. நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். முப்பது கோடு. சின்னப் பெண் மாதிரி சந்தோஷமாகக்கூட இருந்தது.

மூன்று மணிக்குத் திரும்பினார்கள். இவர் சாப்பிடவில்லை. வெயில் என்றார்.


ஜூன் 14. திங்கள்

எதையும் சரிபார்க்காமல் விடுகிற பழக்கம் எனக்கில்லை. நேற்றைய என் நோட்டையும் இவருடைய லாக் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அனுப்பியது எல்லாம், நேரத்தோடு, லாக்கில் எழுத வேண்டும் என்பது சட்டம். இவர் அதில் ஒரு நிமிடம் பிசகமாட்டார்.

பெரம்பலூர், இவர் கையெழுத்து. 11.19 வரை. 11.20 முதல் 11.50 வரை பாயின் கையெழுத்து, பாயின் லைசென்ஸ் அழைப்புக் குறி. பிறகு மறுபடி இவர்.

கேட்டேன். "பதினொண்ணு இருபதுக்கு யாரு தட்டினது?"

செய்தித்தாளை மடித்தார். "பாய்."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"எறங்கி வேப்பமரத்தடியில உக்காந்திருந்தேன். கொஞ்சம் ரத்தம் வந்துது. நின்னுடுச்சு."

அந்த அரை மணிக்குத்தான் நான் நலம், நலம் என்று முப்பது கோடு போட்டிருக்கிறேன்.

பாயைத் தட்டச் சொன்னது இவர். என்னிடம் மறைக்க முடிந்தது, லாக்கில் பொய் எழுத முடியவில்லை. நான் எடுத்துப் பார்ப்பேன் என்று தோன்றவேயில்லையாம். இருபது வருடத்தில் நான் அதைத் தொட்டதில்லையே.

பிறகு சொன்னார், கோபமில்லாமல்தான்: "என் கை இல்லன்னு உனக்குத் தெரியலையா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"இருவது வருஷமா இந்த வூட்டுல கேட்டுகிட்டுத்தான இருக்க."

அடுப்பில் பால் இருந்தது, போனேன்.


ஜூன் 15. செவ்வாய்

பாய் வந்தார். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். "மேடம், தப்பா நெனைக்காதீங்க. அன்னிக்கே சொல்லிடலாம்னுதான் பாத்தேன். சார் சத்தியம் வாங்கிட்டாரு."

உள்ளே வரச் சொன்னேன். கை வித்தியாசம் என்கிறார்களே, அது என்ன என்று கேட்டேன்.

"சார் கை கடைசி நீட்டல்ல கொஞ்சம் தங்கும் மேடம். பஸ்ல ஏறுறவரு படியில நின்னு ஒருதரம் திரும்பிப் பாப்பாருல்ல, அந்த மாதிரி. நான் ஏறுனா ஏறுனதுதான்."

சொன்னால் நம்புகிற ஆள் இல்லை நான். சோதித்தேன். இருவரும் ரேடியோ அறையில், நடுவில் திரை, நான் கூடத்தில் சுவரைப் பார்த்தபடி. இருபது முறை, யார் தட்டுவது என்று சீட்டுப் போட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். நான் யார் என்று எழுத வேண்டும்.

உள்ளே சிரிப்புச் சத்தம். பாய் சொல்வது கேட்டது, "சார், மேடம் பிள்ளைங்களுக்கு மார்க் போட்டுத்தான் பாத்திருக்கேன்." இவர், "இன்னிக்கு நமக்கு இல்ல பாய், அவளுக்குத்தான் பரீட்சை."

சரியாக எழுதியது பதினொன்று. காசைச் சுண்டினாலும் இதே வரும்.

பாய், "பழகினா வந்துரும் மேடம்," என்றார். இவர் சீட்டுகளைப் பொறுக்கி மேசையில் வைத்தார்.

சாயங்காலம் கொல்லையில் நின்றபோது தோன்றியது. கண்ணை மூடிக்கொண்டு இவர் செருப்புச் சத்தம் சொல்வேன். கூட்டத்தில் இருமல் சொல்வேன். இதை மட்டும் இருபது வருடமும் சத்தம் என்று நினைத்துக் கதவைச் சாத்தியிருக்கிறேன்.


ஜூன் 16. புதன்

காற்று குறைவு. புழுக்கம். கல்லூரியில் ஒரு பெண் அழுதாள், இடம் கிடைக்கவில்லை. என்ன சொல்லி அனுப்பினேன் என்று நினைவில்லை.

பாய் நாளை மெட்ராஸ் போகிறார், சாமான் வாங்க. காலை ஏழு மணிக்கு வந்து கேட்பாராம், எந்த செட் என்று. இவர் தீர்ப்பை என்னிடம் விட்டுவிட்டார். "கேக்கப் போறது நீ. நீயே சொல்லு."

ஒழுங்காக யோசிக்க முயல்கிறேன்.

பேச்சு பெரம்பலூர் தாண்டாது. 28-க்குப் பின் பேச்சே இல்லை. ஆனால் குரல் என்றால் அது இவர்தான், வேறு யாரும் அதைச் செய்ய முடியாது.

தட்டல் எங்கிருந்தும் வரும். குரல் தேவையில்லை. ஆனால் யார் வேண்டுமானாலும் இவர் பேரில் நலம் என்று சொல்லலாம். இவர் மரத்தடியில் கிடக்கலாம்.

மத்தியானம் ஒன்று சொன்னார். பேசுற செட்டையே வாங்கலாமே, பரீட்சை எழுதிட்டு நீ பேசு, நான் மைக் பட்டனை அழுத்துறேன், ஒரு அழுத்து ஆமா, ரெண்டு இல்ல. பட்டனையும் யார் வேணா அழுத்தலாம் என்றேன். இவர் முகம் மாறியது. சொல்லியிருக்க வேண்டாம்.

இப்படி எழுதிப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. எந்த செட்டும் எனக்கு வேண்டியதைத் தராது. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த ஜீப் இல்லாவிட்டால் இவருக்கு மிஞ்சுவது இந்த வீடும், வருகிறவர்கள் பார்க்கிற பார்வையும்தான்.

முடிவு: தட்டும் செட். நானும் கற்றுக்கொள்வது. தினம் அரை மணி, இவரே சொல்லிக்கொடுக்கட்டும், குரல் இருக்கும்போதே. தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்ட முடியும், பரவாயில்லை. ஐம்பது வயதில் மாணவி. காலையில் பாயிடம் சொல்கிறேன்.


ஜூன் 17. வியாழன்

ஏழு மணிக்கு பாய் வந்தார். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, "சொல்லுங்க மேடம், எதுக்கு சாமான் வாங்க?" என்றார்.

நேற்று எழுதியதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், கண்ணில் நின்றது அந்த முப்பது கோடு. நான் சொன்னது: "எதுவும் வேண்டாம் பாய். வண்டி போக வேண்டாம்."

இவர் சவரம் செய்துகொண்டிருந்தார். முகத்தில் சோப்போடு வந்து நின்றார். "நெசமாத்தான் சொல்றியா?"

"ஆமாங்க."

வாதாடுவார் என்று நினைத்தேன். உள்ளே போய் மிச்சத்தைச் சிரைத்து, முகம் கழுவி, ஆணியிலிருந்து ஜீப் சாவியை எடுத்துவந்து பாயிடம் நீட்டினார். "ஓட்டிகிட்டுப் போங்க பாய். யாராச்சும் கேட்டாக் குடுத்துடுங்க."

"சார், நான் ஸ்கூட்டர்ல வந்திருக்கேன்."

"ஸ்கூட்டர் இங்கயே கெடக்கட்டும். மெட்ராஸ்லதான் இப்ப வேல இல்லையே. சாயங்காலம் பஸ்ல வந்து எடுத்துக்கங்க."

பாய் என்னைப் பார்த்தார். அப்போதாவது நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். பாய் சாவியை வாங்கிக்கொண்டார். பின்னால் நின்ற கம்பி தெருமுனை வரை ஆடிக்கொண்டு போனது.

கல்லூரி போய் நாலு மணிக்கு வந்தேன். மதியச் சாப்பாடு மூடியபடி இருந்தது. காபி கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். நாளைக்கு திருச்சியில் ரத்தப் பரிசோதனை, எந்த ரயில் என்று கேட்டேன். நேர அட்டவணையை எடுத்து என் முன்னால் வைத்தார்.

ஐந்தரைக்கு பாய் ஸ்கூட்டர் எடுக்க வந்தார். இவர் எழுந்து வெளியே போனார். வாசலில் இருபது நிமிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். சமையலறை வரை குரல் வந்தது, கம்மல், நடுவே ஒரு சிரிப்பு. சொற்கள் பிடிபடவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுக்கூடக் கேட்டேன்.

உள்ளே வந்து கதவைத் தாழிட்டார். இன்னும் பதினோரு நாள் பேசலாம். காலையிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.