மோ என்று எழுதிய கால்மிதி

கிறிஸ்தியான்சுன், நார்வே,
டிசம்பர் 3

அன்பு மகள் இங்குனுக்கு அப்பா எழுதுவது. பெர்த் வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் உயிரோடு இருக்கிறோம், சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. போனில் நீ கேட்டபோதெல்லாம் எல்லாம் சரியாக இருக்கிறது என்றேனே, அது பொய். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது வேறு என்ன சொல்வது.

அக்டோபரில் ரொட்டி வாங்கப் போன அம்மாவை மூன்று மணி நேரம் காணோம். நம் கட்டடத்தில் நான்கு படிக்கட்டும் ஒரே மாதிரி, கதவும் ஒரே மாதிரி, உனக்குத் தெரியும். அடுத்த படிக்கட்டில் ஒவ்வொரு கதவாகத் திறக்கப் பார்த்துவிட்டு, நனைந்த காலுறையோடு படியில் உட்கார்ந்திருந்தாள். நகராட்சி நர்ஸ் மரித் வந்து, இன்னொரு தடவை இப்படி ஆனால் முதியோர் இல்லம்தான் என்று சொல்லிவிட்டுப் போனாள். என்ன ஆனாலும் வீட்டை விட்டு அனுப்பவே மாட்டேன் என்று உன் அம்மாவுக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவள் அதை மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை.

கதவில் இருக்கும் பித்தளைப் பெயர்த்தகடு அவள் கண்ணில் படுவதே இல்லை, முட்டி வலியில் கீழே பார்த்துக்கொண்டுதான் படியேறுகிறாள். அதனால் கால்மிதியிலேயே பெயரைப் பெரிதாக எழுதிவிடலாம் என்று தேங்காய்நார் கால்மிதி ஒன்று வாங்கிவந்து, சமையலறை மேஜையில் அட்டையை விரித்து, ஓட்டை வழியாகப் பெயிண்ட் வைக்க, தொர்விக் என்று நம் குடும்பப் பெயரை எழுத்து எழுத்தாக வெட்டினேன். ஓ என்ற வட்ட எழுத்தின் நடுத்துண்டு கழன்று கையோடு வந்துவிட்டது, முப்பது வருடம் படகு எஞ்சின் பார்த்தவனுக்கு இது கூடத் தெரியவில்லை. நடுத்துண்டைப் பிடித்துக்கொள்ள இரண்டு பக்கமும் சின்னப் பட்டை விட்டு வெட்ட வேண்டும். கீழ் வீட்டு ஓட்வார் எட்டிப் பார்த்து, என்னய்யா தொர்லெய்ஃப், இந்த வயசுல போர்டு எழுதக் கிளம்பிட்டியா, என் வீட்டுக்கும் ஒண்ணு போடேன் என்று கிண்டல் செய்தான். பிரஷை இழுக்காமல் குத்திக் குத்திப் பெயிண்ட் வைத்தேன், இழுத்தால் அட்டைக்கு அடியில் ஓடிவிடும். அம்மாதான் அட்டை நகராமல் பிடித்துக்கொண்டாள், விரலெல்லாம் கறுப்பு, ஒரே சிரிப்பு. அன்று நான் சந்தோஷமாக இருந்தேன், மகளே.

கால்மிதி காய்ந்து வாசலில் போட்ட அன்றே அம்மா மறுபடி போய்விட்டாள். படியில் எதிரே வந்த ஓட்வார்தான் பார்த்திருக்கிறான். நம் வாசல்வரை வந்து, குனிந்து பெயரை வாசித்து, ஐயோ இது யாரோ தொர்விக் வீடு, தப்பா வந்துட்டேன் என்று திரும்பி இறங்கிவிட்டாளாம். அவன்தான் பின்னாலேயே போய்ப் படகுத்துறையில் பிடித்துக் கூட்டிவந்தான், மரித்திடம் வாய் திறக்கவில்லை. அன்று சாயங்காலம் உன் பேர் என்ன என்று கேட்டேன். குன்வோர் மோ என்றாள். ஐம்பத்திரண்டு வருடம் என் பெயரை வைத்திருந்தவள், அவள் அப்பாவின் பெயருக்கே திரும்பிப் போய்விட்டாள். எனக்குக் கோபம் வந்தது, வெட்கத்தோடு எழுதுகிறேன். பிறகு இன்னொரு கால்மிதி வாங்கி, மோ என்று வெட்டினேன். இந்தத் தடவை நடுத்துண்டு விழவில்லை. நாங்கள் வீடு மாறிவிட்டோமா என்று தபால்காரர் கேட்டார். மூன்று வாரம் அம்மா தவறாமல் அந்த வாசலுக்கே வந்தாள்.

போன செவ்வாய் நான் உருளைக்கிழங்கு எடுக்க நிலவறைக்கு இறங்கினேன், சாவி எடுக்கவில்லை. திரும்பி வந்தால் கதவு பூட்டியிருக்கிறது. தட்டினேன், யாரு என்றாள். நான்தான் குன்வோர், கதவைத் திற என்றேன். அப்பா வீட்ல இல்லைங்க, எனக்கும் தொர்லெய்ஃபுக்கும் நிச்சயமாயிருக்கு, வேற ஆம்பளைய உள்ளே விட்டா அவர் என்ன நினைப்பார், போயிடுங்க என்றாள். நான்தான் தொர்லெய்ஃப் என்று எத்தனை தடவை சொன்னேன். பொய் சொல்றீங்க, அவர் குரல் இப்படி இருக்காது என்றாள். அதற்குள் தீய்ந்த வாடை, அடுப்பில் எதையோ வைத்து மறந்திருக்கிறாள். ஓட்வார் கடப்பாரையோடு வந்து கதவை உடைத்தான். புகைக்குள் அவள் மூலையில் ஒடுங்கி நின்று, தொர்லெய்ஃப், தொர்லெய்ஃப் என்று என்னைக் கூப்பிட்டு அலறினாள், என்னைப் பார்த்துப் பயந்து.

மறுநாள் நானே மரித்தைக் கூப்பிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். திங்கட்கிழமை அம்மா போகிறாள். உன்னிடம் கேட்கவில்லை என்று வருத்தப்படாதே. இல்லத்தில் அவள் அறை வாசலில் மோ கால்மிதியைப் போட அனுமதித்திருக்கிறார்கள். அதைத் தாண்டி உள்ளே போக நான் என்ன சொல்ல வேண்டும் என்று இன்னும் தெரியவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முன் எப்படியாவது வா, உள்ளே கம்பளிக் கால்சட்டை போட்டுக்கொண்டு வா, அந்த ஊர் உடுப்பெல்லாம் இங்கே ஆகாது. பார்த்தவுடன் அவளை அம்மா என்று கூப்பிடாதே, பயந்துவிடுவாள். கடவுள் உன்னையும் மாப்பிள்ளையையும் கைவிடாமல் பார்த்துக்கொள்ளட்டும். நம் வாசலில் பழைய தொர்விக் கால்மிதியைத் திரும்பப் போட்டு வைக்கிறேன். அந்தப் பெயரை வாசித்துவிட்டு உள்ளே வர இனி நீ ஒருத்திதான் இருக்கிறாய்.

உன் அப்பா,
தொர்லெய்ஃப் தொர்விக்