தவறுதலாக ஊற்றிய தண்ணீர்

அனுப்புநர்:
லோரேன் வெண்ட்லண்ட்
(மேஜர் டெரெக் வெண்ட்லண்டின் மனைவி),
ஏரிக்கரைச் சாலை, டன்மோர், விஸ்கான்சின்.

பெறுநர்:
லெப்டினன்ட் கர்னல் பெட்ரா கோவால்ஸ்கி அவர்கள்,
தலைமை அதிகாரி, சரக்கு விமானப் பிரிவு,
மாநிலக் காவல்படை, டன்மோர் விமானதளம்.

பொருள்: சென்ற மாதம் என் கணவர் மீது நானும் என் மகளும் ஊற்றிய தண்ணீரைச் செல்லாது என அறிவித்து, அவர் பெயரை மீண்டும் பறப்போர் பலகையில் எழுதக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. என் கணவர் முழுநேர விமானப்படையில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, தங்கள் பிரிவில் பகுதிநேர விமானியாகச் சேர்ந்தவர். மாதம் ஒரு வார இறுதியும், தாங்கள் கூப்பிடும் மற்ற நாட்களும் தங்களுக்கு. மீதி நாட்கள் பயணிகள் விமான நிறுவனத்துக்கு. அதற்கும் மேல் ஏதாவது மிஞ்சினால் எனக்கும் எங்கள் மகள் பிரிட்டுக்கும். இதைக் குறையாகச் சொல்லவில்லை, நிலவரத்தைச் சொல்கிறேன்.

2. இந்த வசந்தத்தில் நிறுவனம் அவருக்குத் தலைமை விமானி பதவி தர முன்வந்தது. அங்கே எல்லாமே பணிமூப்பு வரிசை எண்தான் என்பது, தாங்களும் அதே தொழிலில் இருப்பதால், தங்களுக்குத் தெரியும். துணை விமானிகளின் வரிசையில் நடுவில் இருப்பவர், பதவி உயர்ந்ததும் தலைமை விமானிகளின் வரிசையில் கடைசிக்குப் போய்விடுவார். கடைசியில் நிற்பவருக்குக் கேட்ட நாளில் விடுப்புக் கிடைக்காது; கிறிஸ்துமஸ், நன்றி நவிலல் நாள், பிரிட்டின் பிறந்தநாள் எல்லாம் வானத்தில்தான். படை வேலைக்கு விடுப்புத் தர நிறுவனம் மறுக்க முடியாது. ஆனால் இரண்டு வேலையும் போக வீட்டுக்கு என்று ஒரு நாளும் நிற்காது. ஆகவே பதவியா, படையா என்று அவர் கோடை முழுவதும் யோசித்தார். யோசித்தார் என்பது எனக்கு எப்படித் தெரியும் என்றால், வெட்டிய புல்லையே திரும்பத் திரும்ப வெட்டிக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை. கட்டிய கணவனிடம்கூட "உனக்கு என்ன வேணும்?" என்று நேராகக் கேட்பதை நம் ஊரில் அத்துமீறலாகத்தான் நினைக்கிறோம்.

3. செப்டம்பரில் ஒரு நாள், எங்கள் கார் கொட்டகையில் அவருடைய கோப்பையைக் கண்டேன். தங்கள் பிரிவின் ஓய்வறைச் சுவரில் ஒவ்வொரு விமானிக்கும் ஒரு கொக்கியும் அதில் ஒரு கோப்பையும் உண்டு என்பதையும், பிரிவை விட்டு விலகுகிறவர் மட்டுமே கோப்பையை வீட்டுக்கு எடுத்துப் போவார் என்பதையும் நான் அறிவேன். அவர் பெயர் எழுதிய அடிப்பக்கம் மட்டும் தெரிய, அது செய்தித்தாளில் சுற்றியிருந்தது. பிரித்துப் பார்க்க மனம் வரவில்லை. மனிதர் முடிவெடுத்துவிட்டார், ஆர்ப்பாட்டம் பிடிக்காதவர் என்பதால் சத்தமில்லாமல் விலகப் போகிறார் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். அன்று மாலை பாத்திரம் கழுவியபடி கொஞ்சம் அழுதேன். நிம்மதியில் அழுகிறேன் என்றுதான் நினைத்தேன்.

4. கடைசிப் பறத்தலை முடித்து இறங்கும் விமானியை அவர் குடும்பம் ஓடுதள ஓரத்தில் நின்று தண்ணீரால் நனைப்பது படை வழக்கம். என் கணவருக்கு மட்டும் அது இல்லாமல் போகக் கூடாது என்று, அந்த மாதப் பயிற்சியின் ஞாயிற்றுக்கிழமை, குடும்பத்தாரை உள்ளே விடும் நேரத்தில், பிரிட்டைக் கூட்டிக்கொண்டு, இரண்டு வாளிகளோடு வந்தேன். அவர் படிக்கட்டில் இறங்கியதும் பிரிட் ஓடிப்போய் ஊற்றினாள், பிறகு நான் ஊற்றினேன். அருகில் வண்டி கழுவிக்கொண்டிருந்த தீயணைப்பு வீரர்கள் எங்கள் வாளிகளைப் பார்த்துவிட்டு, தம் பங்குக்குக் குழாயையே திருப்பிவிட்டார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். தாங்களும் வந்து அவர் கையைக் குலுக்கினீர்கள். வீட்டுக்காரியே வாளியோடு வந்திருக்கும்போது விலகல் கடிதம் பின்னாலேயே வரும் என்று தாங்கள் எண்ணியதில் தவறில்லை. நனைந்தவர் சிரித்தார், மகளைத் தூக்கிக்கொண்டார், வாயே திறக்கவில்லை.

5. மறுநாளே பலகையிலிருந்து அவர் பெயர் அழிக்கப்பட்டது. பட்டியல் போடும் கேப்டன் ஹார்ட்விக் தொலைபேசியில் கூப்பிட்டு, "நனைஞ்சவங்க நனைஞ்சவங்கதான் அண்ணே! இனிமே நீங்க ஏர்லைன்ல சூட்கேஸ் இழுத்துக்கிட்டுப் போற ஆளு" என்று கிண்டல் செய்தார். என் கணவரும் சேர்ந்து சிரித்தார். அவர் இடத்துக்கு ஓர் இளம் விமானி விண்ணப்பித்திருக்கிறார் என்றும், வரும் பயிற்சி வார இறுதியில் அவரைச் சேர்ப்பது குறித்துப் பிரிவினர் வாக்களிக்கப் போகிறார்கள் என்றும் அறிகிறேன்.

6. சென்ற வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்துக்குப் போய்விட்டு வந்தபின், இனியாவது அந்தக் கோப்பையை அலமாரியில் வைப்போம் என்று பிரித்தேன். அதன் கைப்பிடி உடைந்து, ஒட்டப்பட்டு, பசை காய்வதற்காக நூலால் கட்டப்பட்டிருந்தது. அப்போதுதான் வாழ்க்கையில் முதல் தடவையாக நேராகக் கேட்டேன்.

"இதை எதுக்கு எடுத்துட்டு வந்த?"

"கைப்பிடி உடைஞ்சிருச்சு. ஒட்டிட்டு மாட்டிரலாம்னு."

"அப்ப நீ விலகல? ஏன்டா அன்னிக்கே சொல்லல?"

"புள்ள அவ்ளோ ஆசையா வாளியத் தூக்கிட்டு ஓடி வந்தா. நில்லுன்னு எப்படிச் சொல்றது? பின்னாடியே நீயும் வந்த. சரி, உனக்கும் இதுதான் வேணும்போலன்னு நெனச்சேன்."

அவருக்கு வேண்டியது இது என்று நான் நினைத்தேன். எனக்கு வேண்டியது இது என்று அவர் நினைத்தார். இருவரும் ஒருவர் மேல் ஒருவர் வைத்த அன்பினால் ஒரு நல்ல விமானியைத் தங்கள் பிரிவிலிருந்து நீக்கிவிட்டோம். இப்படியொரு காரியத்தை இந்த மாநிலத்துக்காரர்களைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாது என்று நினைக்கிறேன்.

7. அவர் வீட்டில் இருக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு இல்லையா என்று தாங்கள் கேட்கலாம். உண்டு, நிறைய உண்டு. ஆனால் நிறுவன வேலையிலிருந்து திரும்பும் டெரெக், களைத்து, நல்லவராக, சோபாவிலேயே தூங்கிப் போவார். அந்த வேலையிலும் அவருக்குப் பெருமை உண்டு, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். தங்களிடமிருந்து திரும்பும் டெரெக்கோ சமையலறையில் சீட்டியடிப்பார். வெள்ளத்தின்போது தண்ணீர் இறைக்கும் இயந்திரங்களை ஏற்றிப் பறந்தபோது, எந்த ஊர்ப் பள்ளிக்கூடக் கூரை தண்ணீருக்கு மேலே தெரிந்தது, எந்த ஊரில் தெரியவில்லை என்று பிரிட்டிடம் கைகளால் பறந்து காட்டுவார். இந்த ஒரு மாதமாக எங்கள் வீட்டில் சீட்டிச் சத்தம் இல்லை. அவர் பக்கத்தில் இல்லாத நாட்களை என்னால் சமாளிக்க முடிகிறது. அந்தச் சத்தம் இல்லாத நாட்களைத்தான் முடியவில்லை.

8. அவர் தாமாக எழுதிக் கேட்க மாட்டார். எழுதினாலும், முதல் பத்தியிலேயே மன்னிப்புக் கேட்டுவிட்டு இரண்டாம் பத்தியில் அந்த இளம் விமானிக்குச் சிபாரிசு செய்துவிடுவார். ஆகவே அவருக்குத் தெரிவித்துவிட்டு நானே எழுதுகிறேன். "வேணாம் லோரேன், அவங்களுக்கு எதுக்குத் தொந்தரவு" என்றார். வேண்டாம் என்ற வாயால், மனு வைக்க நல்ல உறையாகத் தேடியும் கொடுத்தார்.

9. ஆகவே, என் கணவர் விலகல் எதிலும் கையெழுத்திடவில்லை என்பதையும், கேட்காமல் ஊற்றியது நான்தான் என்பதையும் கருத்தில் கொண்டு, வாக்களிப்புக்கு முன் அவர் பெயரைப் பலகையில் திரும்ப எழுதுமாறு மன்றாடுகிறேன். அந்த இளம் விமானிக்கும் ஓர் இடம் கிடைக்கட்டும், அதைத் தடுக்க நான் வரவில்லை. டெரெக்கை என்றென்றும் வைத்துக்கொள்ளுங்கள் என்றும் கேட்கவில்லை. வருகிற ஆண்டே அவர் தலைமை விமானி பதவியைத் தேர்ந்தெடுக்கலாம். அப்படியானால் அது அவர் எடுத்த முடிவாக இருக்கட்டும். அன்று நான் மறுபடி வாளியோடு வருவேன், ஊற்றும் முன் கேட்டுவிட்டு ஊற்றுவேன்.

10. கோப்பையை இத்துடன் அனுப்புகிறேன். பதில் எழுதத் தங்களுக்கு நேரம் இல்லாவிட்டால் பரவாயில்லை. அதை அதன் கொக்கியில் மாட்டிவிடுங்கள், போதும். எங்களுக்குச் செய்தி வந்துவிடும்.

என்றும் தங்கள் நலம் விரும்பும்,
லோரேன் வெண்ட்லண்ட்

இடம்: டன்மோர்
நாள்: அக்டோபர் 16

இணைப்பு: கைப்பிடி ஒட்டிய கோப்பை ஒன்று. காபி ஊற்றிச் சோதித்தாயிற்று. ஒழுகவில்லை.