நேராக நிற்கும் பீமுக்குக் கீழே

என் அருமை அண்ணா,

லிங்கநகர் வீட்டு வாசலில் கிடக்கும் உங்கள் செருப்பை இன்னும் யாரும் எடுத்து வைக்கவில்லை. அண்ணி அதைச் சுற்றித்தான் கூட்டுகிறா. எனக்கு அழுகைகூட வருவதில்லை, எரிச்சல்தான் வருகிறது.

உங்களைக் கொன்ற இரும்புப் பீம் அதே இடத்தில்தான் இருக்கிறது. துறைமுகக் கரையில் நீங்கள் படகு எஞ்சின் திருத்திய பட்டறைக்குப் போனேன். பாரம் தூக்கும் செயின் புளொக்கின் சில்லுகள் ஓடுகிற, பீமின் கீழ்த்தட்டு மடங்கித்தானே எஞ்சின் உங்கள் மேல் விழுந்தது? அந்தத் தட்டைச் சூடாக்கி, அடித்து நிமிர்த்தி, பச்சைப் பெயின்ற் பூசிவிட்டார்கள். அவ்வளவுதான் அவர்களுடைய துக்கம்.

"தங்கச்சி, இந்த நுனியில இருந்து அந்த நுனி வரைக்கும் நூல் பிடிச்சுப் பாத்தனாங்கள். பீம் வளையேல்ல. உங்கட அண்ணாதான் கவனமில்லாமல் நிண்டவர்," என்றார் முதலாளி.

"பீம் வளையாது ஐயா. சில்லு நிக்கிற இடத்தில தட்டுத்தான் மடங்கும். அதைக் குறுக்கால பாத்தனீங்களோ?"

"அதெல்லாம் பாத்துக்கொண்டிருந்தா வேலை செய்ய ஏலாது."

எஞ்சினியர் என்று எத்தனை பீமுக்குக் கணக்குப் பார்த்திருப்பேன்! இதற்கும் பார்த்தேன். முழுப் பீமுக்கு அந்தப் பாரம் ஒன்றுமேயில்லை. ஆனால் உப்புக்காற்றில் கறள் தின்று, கீழ்த்தட்டின் விளிம்பு பாதித் தடிப்புக்கு வந்துவிட்டது. தடிப்புப் பாதியானால் மடங்காமல் நிற்கும் பலம் கால்வாசியாகிவிடும். சில்லுகளோ அந்த விளிம்பில்தான் ஓடுகின்றன. தாங்காது அண்ணா, தாங்கவே தாங்காது. அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினேன். எல்லோரும் முதலாளி பிடித்த அந்த நூலைப் பற்றியே கதைக்கிறார்கள். எனக்கு நம்பிக்கை விட்டுப்போய்விட்டது.

உங்கள் இடத்தில் இப்போது யார் வேலைக்கு நிற்கிறது தெரியுமா? அண்ணியின் தம்பி சுதன். போகாதே என்று கெஞ்சினேன்.

"வேற எங்க அக்கா வேலை கிடக்கு? சீனன்குடாவிலயும் கேட்டுப் பாத்தனான்," என்று சொல்லிவிட்டுப் போனான். அண்ணிதான் சோறு கட்டிக் கொடுத்தா. அவவின் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

நாளைக்கு உங்கள் மேல் விழுந்ததைவிடப் பெரிய எஞ்சின் ஒன்றைத் தூக்கப்போகிறார்களாம். கணக்கை நம்பாதவர்களுக்கு நான் வேறு எப்படிச் சொல்ல?

ஒன்று மட்டும் உறுதி, அண்ணா. சுதனுக்கு முன்னம் நான் அங்கே போய்விடுவேன். எஞ்சின் விழக்கூடிய இடத்தில் ஒரு கதிரையைப் போட்டுக் குந்தியிருப்பேன். பைத்தியம் என்று சொல்லட்டும், பொலிசைக் கூப்பிடட்டும். அந்தப் பீமைக் கழற்றும் வரைக்கும் எழும்பமாட்டேன்.

உங்கள் ஒரே தங்கச்சி,
வாணி