வியாழன் காலை 10:40

மார்ச் 4, செவ்வாய்

எங்கள் பல் மருத்துவமனையின் சர்வரை ஒன்பது வருடமாக நான்தான் கட்டி மேய்க்கிறேன். இன்று எனக்கு மேல் ஒரு மேதாவியைக் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டார்கள். ஏஐ ஏஜென்ட்டாம். நோயாளிகளுக்கு வரிசை எண் கொடுக்கும் டோக்கன் சேவை நாள் முழுக்கத் தன் பாட்டுக்கு எழுதித் தள்ளும் பதிவேட்டில், அதாவது லாக்கில், என்ன இருக்கிறது என்று இனி யார் வேண்டுமானாலும் அதனிடம் சாதாரணத் தமிழில் கேட்கலாமாம்.

"இனிமே நீங்க கண்ணைக் கசக்கிட்டு லாக் பாக்க வேண்டாம்" என்றார் பெரிய டாக்டர். என் கண்ணைப் பற்றி இவருக்கு என்ன? பல் டாக்டர் பல்லைப் பார்க்கட்டும்.

அனுமதி போடும் வேலை என்னிடம்தான் வந்தது. பார்க்கலாம், எதையும் தொடக்கூடாது. அவ்வளவுதான் கொடுத்தேன்.

மார்ச் 5, புதன்

எட்டு மாதமாக வியாழன்தோறும் காலை 10:40க்கு டோக்கன் சேவை நான்கு நிமிடம் படுத்துக்கொள்கிறது. கூடத்தில் கன்னம் வீங்கியவர்கள் எல்லோரும் வீங்கிய கன்னத்தோடு கத்துகிறார்கள். காரணம் கேபிள். போட்டது என் மனைவியின் தம்பி. சொந்தக்காரன் என்று பார்க்காமல் முதல் மாதமே அவன் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன். போன வாரம் எழுதியும் கொடுத்துவிட்டேன். பதினான்காம் தேதி கூட்டத்தில் அவன் ஒப்பந்தத்தை முடித்துவிடுவார்கள் போலிருக்கிறது. இந்த ஆஸ்பத்திரிதான் அவனுக்குப் பெரிய வேலை.

சொன்ன நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு அவன் வருவதில்லை. மனைவி என்னிடம் பேசுவது "சாப்பாடு மேசைல இருக்கு" மட்டும். நியாயம் பேசினால் வீட்டில் இதுதான் மரியாதை.

மார்ச் 6, வியாழன்

நின்றது. ஓடிப்போய் ஏஜென்ட்டிடம் கேட்டேன்: கேபிள் கோளாறால் சேவை நின்ற நேரங்களைக் காட்டு.

அப்படி எதுவும் பதிவாகவில்லை என்றது.

மோசமான கேபிளால்?

பதிவாகவில்லை.

கேபிள் போட்டவன் சரியில்லை என்பதற்கு ஏதாவது?

"லாக்கில் கேபிள் போட்டவரைப் பற்றித் தகவல் எதுவும் இல்லை." ஒன்றுக்கும் உதவாத சாதனம்.

மார்ச் 10, திங்கள்

டோக்கன் மேசை அக்கா கூப்பிட்டார். "வியாழக்கிழமை ஏன் நிக்குதுன்னு சும்மா கேட்டுப் பாத்தேன் சார். யாரோ வேணும்னே நிறுத்திட்டுத் திரும்பப் போடுறாங்கன்னு சொல்லுது."

திரையை என் பக்கம் திருப்பினார். வியாழன்தோறும் 10:40க்குத் தானாக ஓடும் ஒரு கட்டளை சேவையை நிறுத்தித் திரும்பத் தொடங்குகிறது. வைத்தவர், நிர்வாகி 1. கட்டளையின் பெயர், 'சோதனைக்கு – நாளைக்கு எடுத்துடணும்'.

"யாரு சார் இந்த நிர்வாகி ஒண்ணு?"

பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இங்கே நிர்வாகி 2 என்று யாரும் கிடையாது.

எட்டு மாசமா நான் என்னத்தப் பார்த்தேன்? கேபிள், கேபிள்னு தேடினேன். அந்த அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டுச்சு.

மார்ச் 11, செவ்வாய்

முதல் வேலையாகக் கட்டளையை எடுத்துவிட்டேன். அப்புறம், வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், ஏஜென்ட்டிடம் போனேன். பழைய லாக்கில் சில வரிகளை மட்டும் அழிக்க முடியுமா? ஒரு சந்தேகத்துக்குத்தான்.

"எனக்குப் பார்க்க மட்டுமே அனுமதி உள்ளது. உங்கள் இந்தக் கேள்வியும் பதிவாகியுள்ளது."

நானே அழிக்கலாம். கடவுச்சொல் என்னிடம்தானே இருக்கிறது. கை வரவில்லை. சொல்லிட்டா என் ஒன்பது வருஷ மரியாதை என்ன ஆகும்? சொல்லலன்னா அவன் பொழப்பு என்ன ஆகும்? – ச்சே. எதை முதல்ல எழுதியிருக்கேன் பாரு.

மார்ச் 12, புதன்

நாளை மறுநாள் கூட்டம். பயம்தான், வேறு ஒன்றும் இல்லை.

மார்ச் 13, வியாழன்

10:40 வந்தது, போனது. ஒருவரும் கத்தவில்லை. இவ்வளவு அமைதியை என்னால் தாங்க முடியவில்லை.

மார்ச் 14, வெள்ளி

மச்சினன் தேய்த்த சட்டையில், ஒரு கத்தைத் தாளோடு வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தான். யாரும் வாய் திறப்பதற்குள் நான் எழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அழிக்கப் பார்த்ததையும்.

"அப்ப கேபிள்?" என்றார் பெரிய டாக்டர்.

"நல்லாத்தான் இருக்கு டாக்டர்."

"இனிமே நீங்க எதைச் சொன்னாலும் அதுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் நம்புவேன்" என்றார். டோக்கன் மேசை அக்கா குனிந்து செருப்பைச் சரிசெய்துகொண்டே இருந்தார். சிரிப்பை வேறு எப்படி அடக்குவது? மச்சினன் ஒப்பந்தம் தப்பியது.

வெளியே அவன் கத்தையை வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு தாளிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தேதி. மருத்துவமனை மூடியிருக்கும் அந்த நாட்களில் கூரைத்தட்டுக்கு மேலே ஊர்ந்துபோய், கேபிளை அங்குலம் அங்குலமாகச் சோதித்திருக்கிறான். முப்பத்திரண்டு தாள்.

"கோவத்துலதான் வீட்டுக்கு வரலன்னு நினைச்சேன்டா."

"கோவம்லாம் இல்ல அத்தான். நீங்க கேபிள்னு சொன்னீங்க. நீங்க சொன்னா அதுவாத்தான் இருக்கும்னு தேடிட்டே இருந்தேன்."

கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மார்ச் 16, ஞாயிறு

மச்சினன் வந்தான். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் கூடத்துத் தரையில் அப்படியே சாய்ந்தவன் ஐந்து மணி ஆகியும் எழுந்திருக்கவில்லை. தோளைத் தொடப் போனேன்.

"எழுப்பாதீங்க" என்றாள் மனைவி. "அவனுக்கு ஞாயித்துக்கிழமைன்னு ஒண்ணு வந்து எட்டு மாசமாச்சு."

மின்விசிறியை அவன் பக்கமாகத் திருப்பி வைத்தேன்.