லைன் வீட்டுக்குக் குழாய்

ஏப்ரல் 27, திங்கள்
வெயில். தகரக் கூரைக்குக் கீழே உட்கார முடியவில்லை. தண்ணீர் லாரி வராமல் இன்றோடு ஐந்து நாள்.

பல்லடம் ரோட்டில் தறி ஷெட்டுகளுக்குப் பின்னால் வரிசையாக இருபத்திரண்டு லைன் வீடு. எல்லோரும் ஜார்க்கண்ட், ஒடிசா. ஊராட்சிக் குழாய் எங்கள் சந்து முனையோடு நின்றுவிடுகிறது. முனை வீட்டுப் பழனியம்மாள் அக்கா இரண்டு குடம் பிடிக்க விட்டார். தலைக்குக் குளிக்கவில்லை.

நர்சிங் காலேஜ் அனாடமி ரெகார்டு பாக்கி. பிளவுஸ் வாங்க வேண்டும்.

ஏப்ரல் 29, புதன்
மே தின கிராம சபையில் கேட்டுவிடுவது என்று லைனில் முடிவு. பேசுவது நான். தமிழில் படித்தவள் நான்தானே! மனு எழுதியாயிற்று, மூன்று பக்கம்.

அப்பாவுக்குப் பயம். “முதலாளி காதுக்குப் போனால் தறி வேலை போய்விடும்” என்று இந்தியில். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு முறை மனுவைப் படித்துக் காட்டச் சொன்னாள்.

மே 1, வெள்ளி
நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பந்தல். கூட்டம் நூறு பேர் இருக்கும். எழுந்து இரண்டு வரி படித்திருப்பேன். முன்வரிசையில் ஒரு பெரியவர், “ஏனுங்க, நாளைக்கு ஊருக்குப் போயிர்றவங்களுக்கு எதுக்குங்க குழாய்?” சிரிப்பு. எனக்கு அடுத்த வரி கண்ணில் தெரியவில்லை.

பக்கத்தில் அம்மா எழுந்தாள். கடையில் உப்பு, பருப்பு கேட்பதைத் தவிர வெளியே தமிழ் பேசாத அம்மா.

“அண்ணா, இருபத்தொரு வருசமாச்சுங்க. நீங்க சொல்ற அந்த நாளைக்கு இன்னும் வரலீங்க.”

சிரிப்பு நின்றது.

“இந்தப் புள்ளை பொறந்தது இங்க. படிச்சது உங்க ஸ்கூலு. எங்க ஓட்டு இங்க. என்ற மாமனார் அங்க கரிச் சுரங்கத்துல செத்தாருங்க. அந்த ஊர்லயும் குடத்தோட நின்னேன். இங்கயும் நிக்கோணுமாங்க?”

‘என்னோட’ இல்லை, ‘என்ற’வாம்! நான்கூட அப்படிச் சொல்ல மாட்டேன். எங்கே பிடித்தாள்?

பழனியம்மாள் அக்கா எழுந்தார். “அந்த அம்மணி கேக்கறது சரிதானுங்க. எழுதுங்க.” அப்புறம் பின்னாலிருந்து நாலைந்து பெண்கள், “எழுதுங்க, எழுதுங்க.” செயலர் தீர்மானப் புத்தகத்தில் எழுதினார். நான் எட்டிப் பார்த்துப் படித்தேன். எங்கள் லைன் பெயர் இருந்தது.

அப்பா வீட்டு வாசலில், “என்னால் முடிந்திருக்காது” என்றார். அவ்வளவுதான்.

மே 4, திங்கள்
காலேஜில் எல்லோரிடமும் சொல்லியாயிற்று. வார்டு டியூட்டியில் திட்டு வாங்கினேன். போகட்டும்.

ஷெட்டில் முதலாளி அம்மாவைப் பற்றி அப்பாவிடம், “உன்ற ஊட்டம்மா நல்லாப் பேசுச்சாமா?” வேலை போகவில்லை.

மே 23, சனி
குழாய் வந்துவிட்டது! காலை ஆறரைக்கு முதல் தண்ணீர். கொஞ்சம் செம்மண் நிறம், அப்புறம் தெளிந்தது. ஒடிசா வீட்டுப் பெண்கள் குலவை மாதிரி ஒரு சத்தம். யார் முதலில் பிடிப்பது என்று தள்ளுமுள்ளு. கடைசியில் அம்மாவை இழுத்து வந்து முதல் குடம் வைக்கச் சொன்னார்கள்.

மே 26, செவ்வாய்
மாலை மேல்தெருவிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். ஊர்க்காரர்கள். இதுவரை எங்கள் லைனுக்குள் கால் வைத்ததில்லை. நாற்காலி ஒன்றுதான் இருந்தது, யாரும் உட்காரவில்லை. ஒருவர் அம்மாவிடம், “எங்க தெருவுல லைட்டு எரியறதே இல்லீங்க. அடுத்த கூட்டத்துல நீங்க எங்களுக்காக ஒரு வார்த்தை கேக்கோணுமுங்க.”

அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள்.

“எத்தனை கம்பம்ங்க?”