பூஞ்சைத் தட்டும் என் பிரஷ்ஷும்

தம்பிக்கு,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். எழுந்ததும் சாப்பிடு. எனக்கு இன்று தண்ணீர்கூட இறங்கவில்லை.

உன் அபிமானப் பாட்டுக் கோஷ்டியின் இசைத்தட்டு எங்கே கிடைத்தாலும் வாங்கிக்கொள். அட்டை நிறம் மட்டும் மாறியிருக்கிறது என்று ஒரே தட்டை நாலு தடவை வாங்கினாய், நான் வாயைத் திறந்தேனா? ஆனால் யார் வீட்டுப் பரணிலோ பூஞ்சை பூத்துக் கிடந்த தட்டுகளை நாள்கணக்கில் என் பல் பிரஷ்ஷால் தேய்த்திருக்கிறாயே! கேட்டால், "புது பிரஷ் கீறிடும்க்கா, உன்னோடதுதான் தேஞ்சு மெத்துனு இருக்கு" என்கிறாய். இத்தனை நாளும் அதை வாயில் வைத்தவள் நான். சீ!

பழைய சாமான் கடைக்காரர் இன்னொரு பெட்டித் தட்டு கொண்டுவருவாராம். மொட்டைமாடியிலேயே இறக்கு. வீட்டுக்குள் வந்தால் நடப்பதே வேறு.

அக்கா

தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து எழுதுகிறேன். விடிந்ததும் ஆத்திரத்தில் உன் பிரஷ்ஷால் கழிப்பறையைத் தேய்த்து, பழையபடி குவளையில் வைத்துவிட்டேன். அதைத் தொடாதே. கண்ணாடிக்குப் பின்னால் புதுசு இரண்டு இருக்கிறது. கடையில் கேட்டு, இருப்பதிலேயே மெத்தென்று இருப்பதாக வாங்கினேன். ஒன்று உன் பல்லுக்கு, ஒன்று உன் தட்டுக்கு.