பட்டியலில் ஒரு கிட்டார்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நான் நலம். அம்மாவும் நலம்தான், முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? கிடங்கு வேலையில் கையுறை போட்டுக்கொள்கிறாயா? விரலைப் பார்த்துக்கொள்.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் கச்சேரி என்று ஆரம்பித்தாலே, "சரிக்கா, வேலை இருக்கு" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழிக்கலாம். ஆனால் படித்துவிட்டுத்தான் கிழிப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா.

அடுத்த மாதம் பத்தொன்பதாம் தேதி நம் குழுவுக்குக் கச்சேரி. நீ போன பிறகு இதுதான் முதல் மேடை. என்னென்ன கருவி, எத்தனை மைக், எத்தனை ஸ்பீக்கர் என்று வெள்ளிக்கிழமைக்குள் அரங்கத்துக்குப் பட்டியல் கொடுக்க வேண்டும். அதில் கிட்டார் உண்டா இல்லையா என்பதுதான் என் கவலை. இன்று செவ்வாய். மூன்று பட்டியல் எழுதிக் கிழித்தாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பெரிய கீபோர்டை எடுத்துப் போவதாக முடிவு செய்தேன். பியானோ சத்தம் அதில்தான் நன்றாக வரும். ஆனால் பிணக்கனம் கனக்கிறது. அரங்கமோ இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. நேற்றுக் காலை சின்னதுக்கு மாறினேன். அதில் கிட்டார் சத்தமும் இருக்கிறதே, உன் பகுதியையும் நானே வாசித்துவிடலாம் என்று ஒரு யோசனை. வாசித்துப் பார்த்தேன். பிளாஸ்டிக் வாளியில் ரப்பர் பேண்டைக் கட்டி இழுத்த மாதிரி இருந்தது. அடுப்படியிலிருந்து அம்மா, "என்னடி அது, கேட்டா பல்லு கூசுது" என்றாள். மறுபடி பெரியதைத் துடைத்து வைத்தேன்.

டிரம்ஸ் வாசிக்கிறவன், எப்போதும் தாமதமாக வருகிறான் என்று நீ 'கடிகாரம்' என்று பெயர் வைத்தாயே, அவன்தான், முழு டிரம் செட்டையும் கொண்டுவருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். இருநூறு பேர் உட்காரும் இடம். அவன் அடித்தால் பாடுகிறவள் வாயசைப்பதுதான் தெரியும். சத்தத்தைக் குறைத்து வைக்க முடிகிற எலக்ட்ரானிக் பேட் போதும் என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டான்.

நேற்று சாயங்காலம் சவுண்ட்காரர் வந்தார், பட்டியலைப் பற்றிப் பேச. "தம்பி வராராம்மா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "வந்தா, இந்தத் தடவை நீங்க கை காட்டினாலும் நான் குறைக்க மாட்டேன். அன்னைக்கு செஞ்சது இன்னும் உறுத்துது" என்றார். போட்டு வைத்த டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார். அதிலிருந்து எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வயரைச் சுற்றுகிறேன், பிரிக்கிறேன், மறுபடி சுற்றுகிறேன். இந்தக் கடிதத்துக்கே நான்கு தடவை எழுந்துவிட்டேன்.

சொல்லிவிடுகிறேன்.

போன கச்சேரியில் கடைசி நான்கு பாட்டுக்கு உன் கிட்டார் அரங்கத்தில் கேட்கவே இல்லை. உன் காலடியில் இருந்த ஆம்ப் பெட்டியில் உனக்கு மட்டும் கேட்டது, அதனால் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தாய். முடிந்ததும் ஆளாளுக்கு, சும்மா கையை ஆட்டிக்கொண்டிருந்தாயா என்று கேட்டார்கள். ஆம்ப்பிலிருந்து சவுண்ட்காரரின் மிக்ஸருக்குப் போகிற வயரை நீயே பற்றவைத்திருந்தாய். மேடையேறும் முன் அதைச் சோதிக்கவில்லை. ஆகவே தப்பு உன்னுடையது என்று நீயே முடிவு கட்டினாய். ஒரு வயரைப் பார்க்கத் தெரியாதவன் மேடைக்கு லாயக்கில்லை என்று கிட்டாரைக் கட்டிலுக்கடியில் தள்ளினாய். நான் பக்கத்தில் நின்று, பரவாயில்லைடா என்றேன்.

அந்த வயரில் ஒரு கோளாறும் இல்லை. நான்தான் சவுண்ட்காரருக்குக் கை காட்டி உன் சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. மூன்றாவது தடவை அவர் முழுதாக மூடிவிட்டார். பாட்டு அமுங்குகிறது என்று அவரிடம் காரணம் சொன்னேன். அது பொய். இடைவேளைக்கு முன் நீ தனியாக வாசித்ததற்கு அரங்கமே கை தட்டியது. குழுவை ஆரம்பித்தவள் நான். உன் விரலைப் பிடித்து முதன்முதலில் தந்தியில் வைத்தவள் நான். எனக்கு ஒருநாளும் அப்படித் தட்டியதில்லை. வயிறு எரிந்தது, வேறொன்றும் இல்லை. நீ ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று பஸ் நிலையத்தில் வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன். ஒன்றரை வருஷமாக விழுங்கிக்கொண்டே இருக்கிறேன்.

இன்று காலை அம்மாவிடம் சொன்னேன். காய் நறுக்குவதை அவள் நிறுத்தவில்லை. எல்லாம் நறுக்கி முடித்த பிறகு, "என்கிட்ட எதுக்கு சொல்ற? அவன்கிட்ட சொல்லு" என்றாள். 

இந்தக் கடிதம் வெள்ளிக்குள் உனக்கு வந்து சேராது. அதனால் பட்டியலை நானே எழுதிவிட்டேன். கிட்டார் ஒன்று, ஆம்ப் ஒன்று, நாற்காலி ஒன்று, மேடைக்கு நடுவில். நீ வராவிட்டால் அந்த நாற்காலி காலியாகவே இருக்கும். வேறு யாரையும் அதில் உட்காரவைக்க மாட்டேன், உன் பகுதியைக் கீபோர்டில் தொடவும் மாட்டேன். வா என்று கூப்பிட எனக்கு வாயில்லை. வாசிக்க வராவிட்டாலும் திட்டுவதற்காவது வா. எல்லோர் முன்னாலும் திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

இதைப் படித்ததும் உனக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் நீ சாப்பிட மாட்டாய். அங்கே உன் பின்னால் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓட யாரும் இல்லை. சாப்பிட்டுவிட்டுக் கோபப்படு, கண்ணா. எத்தனை வருஷம் வேண்டுமானாலும் படு.

நீ நன்றாக இருக்க வேண்டும் என்றே எப்போதும் வேண்டிக்கொள்ளும்,
உன் அக்கா